ஹேண்ட் பிரேக் வேலைக்கு 9,440 ரூபாய்: செய்யாத வேலைக்குப் போட்ட பில் பற்றிய புகார்

அனுப்புநர்:
மேட்டடார் வேன் உரிமையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

நாள்: 19.05.2025

ஐயா,

இம்மாதம் 5-ஆம் தேதி என் வேனை உங்கள் சர்வீஸ் சென்டரின் தண்டையார்பேட்டை பிராஞ்சில் ஹேண்ட் பிரேக் வேலைக்கு விட்டு, 8-ஆம் தேதி எடுத்தேன். 10-ஆம் தேதி விடியற்காலை குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இடது பின்சக்கரம் புகைய ஆரம்பித்தது. மலையைப் பார்க்காமலே வீடு திரும்பினோம்.

வண்டி 1989 மாடல் பஜாஜ் டெம்போ மேட்டடார். அப்பா கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்த காலத்தில் அண்டாவும் அடுப்பும் ஏற்றிப் போனது. அவருக்குப் பிறகு காயலான் கடைக்குப் போட மனசு வராமல், பின்னால் இரண்டு கட்டில், தண்ணீர் டேங்க், சின்ன அடுப்பு மேடை எல்லாம் வைத்து, படுத்துத் தூங்குகிற வண்டியாக மாற்றிக்கொண்டோம். தயாரித்த கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியே 20 வருடம் ஆகிறது. பழைய வண்டி, ஸ்பேர் கிடைக்காது என்று உங்கள் ஆட்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ நானே தேடிக் கொடுத்திருப்பேன். "எல்லாம் இருக்கு சார், மூணு நாள்ல எடுத்துக்கலாம்" என்றார்கள்.

நான் சொன்ன குறை ஒன்றுதான். பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் நெரிசலில் நின்றால், லீவரை முழுக்க இழுத்தாலும் வண்டி பின்னால் நழுவுகிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி, உப்புக் காற்றில் கேபிள் உறைக்குள் துரு ஏறியிருக்கும், சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள் என்றும் சொன்னேன். ஜாப் கார்டில் அதை எழுதியும் இருக்கிறார்கள்.

எடுக்கும்போது பில்லில் இருந்தது: புது கேபிள் 2,600, பிரேக் ஷூ செட் 2,400, லேபர் 3,000, ஜி.எஸ்.டி. 1,440. மொத்தம் 9,440 ரூபாய். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் லீவரை இழுத்துப் பார்த்தால் இரண்டாவது 'டக்'கிலேயே கல் மாதிரி பிடித்தது. நானும் ஏமாந்து போனேன்.

அந்தப் பிடிதான் வினையே. டிரம் பிரேக்கில் ஷூக்கள்தான் டிரம்மை உள்ளே இருந்து அழுத்திப் பிடித்து நிறுத்தும். முதலில் உள்ளே இருக்கிற அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை டிரம்முக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும்; அதற்கு அப்புறம்தான் கேபிளின் தொய்வை எடுக்க வேண்டும். உங்கள் பிராஞ்சில் டிரம்மையே கழற்றவில்லை. கீழே இருந்து கேபிள் நட்டை மட்டும் இறுக்கிவிட்டிருக்கிறார்கள். கேபிள் அவ்வளவு இறுக்கமாக இருந்தால், லீவரை இறக்கினாலும் ஷூ முழுசாக உள்ளே திரும்பாது. டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். ஓட ஓடச் சூடேறும்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஓரங்கட்டியபோது வீல் டிரம்மில் தண்ணீர் பட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. ரோட்டோர மெக்கானிக் ஒருவர் ஆறவிட்டுக் கழற்றினார். மிதி பிரேக்கை அழுத்தும்போது ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஆயில் ஊறிப்போன அதே பழைய ஷூ. புகையும் அந்த ஆயிலிலிருந்துதான். கேபிளை ஒரு துணியால் துடைத்தார், கறுப்பு பெயிண்ட் கையோடு வந்தது, உள்ளே துரு. புது கேபிள் என்று நான் 2,600 ரூபாய் கொடுத்தது இதற்குத்தான். அவர் நட்டைத் தளர்த்திவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மலைக்கு மட்டும் போகாதீங்க அண்ணா" என்றார்.

போகவில்லை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஒழுகுகிற சிலிண்டரோடு அதில் ஏறி இறங்க எனக்குத் தைரியம் இல்லை. கார்காரர்களுக்கு ஹேண்ட் பிரேக் இல்லாவிட்டால் கியரில் போட்டுச் சமாளிக்கலாம். எங்களுடையது ராத்திரி சரிவில் நிறுத்தி உள்ளே ஆறு பேர் தூங்குகிற வண்டி. தேய்ந்த எஞ்சினை கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, அதை நம்பி என் அம்மாவையும் பிள்ளைகளையும் படுக்க வைக்க முடியாது. ஹேண்ட் பிரேக்தான் அந்த வீட்டுக்குத் தாழ்ப்பாள்.

இன்னொரு நாள் போகலாமே என்று உங்கள் பிராஞ்ச் மேனேஜர் போனில் சொன்னார். என் மச்சான் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; வருடத்தில் அவர் தொடர்ந்து கரையில் இருப்பது அப்போதுதான். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். (சின்னவன் அதையே பிக்னிக் என்று நினைத்துக்கொண்டான், அது வேறு.)

எனக்கு வேண்டியது: பில் தொகை 9,440 ரூபாயும், ரோட்டில் கொடுத்த 400 ரூபாயும் திரும்ப வர வேண்டும். போடாத சாமானுக்கு பில் போட்டது யார் என்று விசாரித்து எழுத்தில் பதில் தர வேண்டும். வண்டியைத் திரும்ப உங்களிடமே இலவசமாகச் செய்து தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். வியாசர்பாடியில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

பில், ஜாப் கார்டு நகல்களும், டிரம்மைக் கழற்றியபோது எடுத்த போட்டோக்களும் இணைத்திருக்கிறேன். ஆயில் ஊறிய ஷூவும் பெயிண்ட் அடித்த கேபிளும் என் வீட்டில் ஒரு மீன் கூடையில் பத்திரமாக இருக்கின்றன. பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்