பாபநாசத்தில் துணி விட வருகிறவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமாரே, அக்காமாரே,

வணக்கம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேன் பிடித்துப் பாபநாசம் வருகிறீர்கள். படித்துறையில் முங்கி எழுந்து, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, கட்டியிருந்த வேட்டி சேலையைத் தாமிரபரணி ஆற்றோடு விட்டுப் போகிறீர்கள். அந்தத் துணி அப்புறம் என்ன ஆகிறது என்று சொல்லத்தான் இந்த மடல். எழுதுகிறவன் திருநெல்வேலி டவுன்காரன். விவரம் தெரிந்த நாளிலிருந்து, அதே ஆறு எங்கள் ஊருக்கு வந்துசேரும் குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்கிறவன்.

போன மாதம் ஒரு விடியற்காலை, முட்டளவுத் தண்ணீரில் இறங்கும்போது காலில் என்னவோ சுற்றியது. பாம்போ என்று ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. குனிந்து பார்த்தால் சேலை. ஒரு முனை கல்லுக்கு அடியில், மறுமுனை தண்ணீரில் படர்ந்து கிடக்கும் அமலைச்செடி வேருக்குள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். மடிப்பெல்லாம் மணல் ஏறி, நனைந்த சாக்கு மூட்டை மாதிரி கனத்தது. அரக்கு நிறம், சரிகைக் கரை. முந்தானையில் குத்திய ஊக்கு துருப்பிடித்து அப்படியே இருந்தது. உதறினால் ரெண்டு நத்தை விழுந்தது.

அது பாபநாசத்தில் விட்ட சேலைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் ஊர்ப் படித்துறைகளிலும் காரியம் முடித்துத் துணி விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் வெள்ளம் வந்தால் மேலிருந்து எதுவும் வரும். பாபநாசத்துக்கும் எங்களுக்கும் நடுவே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி என்று ஆறு அணைக்கட்டுகள். கோடையில் இவை துணியை மறித்துக்கொள்ளும். கால்வாய் மதகில் போய் அடைத்துக்கொள்ளும். மதகுக்குள் இறங்கி அதைப் பிடுங்குகிறவன் யாரோ ஒரு விவசாயி. மழைக்காலத்தில் அணைக்கட்டு எல்லாம் மூழ்கிவிடும், தடுப்பு ஏது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. பெரிய தண்ணீர் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வெள்ளத்துக்குப் பழகிய ஊர், அதனால் மணலும் சகதியும் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் தடவை தண்ணீர் வடிந்த பிறகு கரை மரங்களில், என் தலைக்கு மேல் உயரத்தில், வேட்டியும் சட்டையும் கிழிந்து தொங்கின. உப்பளத்தைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலுக்குள் போனது எவ்வளவோ.

128 கிலோமீட்டர்தான் நம் ஆறு. பொதிகையில் பிறந்து, வேறு மாநிலத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் மன்னார் வளைகுடாவில் முடிந்துவிடுகிறது. இவ்வளவு சின்ன ஆற்றின் மணலுக்குள் உறைகிணறு போட்டுத்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களுக்குக் குடிதண்ணீர் போகிறது. உங்களில் பலர் வீட்டுக் குழாயில் வருவதும் இதுவாக இருக்கலாம்.

நாங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே, 1843-இல் சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலத்தில் நின்று கீழே பாருங்கள். எங்கள் வீட்டுச் சாக்கடையும் ஆற்றில்தான் சேர்கிறது. அமலைச்செடி அப்படித் தழைப்பதற்கு அதுதான் உரம். அதற்காக எங்கள் ஊர்க்காரர்களுடன் நான் போடும் சண்டை தனி, இன்னொரு மடலாக எழுதும் அளவுக்கு உண்டு.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். என் தாத்தா காலத்திலும் துணி விட்டார்கள். அது நாலு முழப் பருத்தி, கொஞ்ச நாளில் மட்கிவிடும். கரையில் எடுத்துக்கொள்ள ஏழைபாழையும் இருந்தார்கள். இன்றைக்கு நாம் கட்டுவதில் நிறையப் பாலியஸ்டர். பாவம் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. பாலியஸ்டர் குறுக்குத்துறை வரைக்கும் வருகிறது.

ஆகவே வரும்போது ஒரு கட்டைப்பை கொண்டு வாருங்கள். ஈரத்துணியைப் பிழிந்து அதில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக்குள் கொண்டுபோக மனசு வரவில்லையா, சரி, கரையில் தொட்டி வைத்திருந்தால் அதில் போடுங்கள். "விட்டுட்டுப் போங்க, அதான் முறை" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், எள்ளும் தண்ணீரும் விட்டாச்சு என்று சொல்லுங்கள். வேன் ஓட்டுகிற தம்பிகளே, வண்டி நாறும் என்று நீங்களும் முகம் சுளிக்காதீர்கள். பின்னால் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் வாளி போதும்.

அந்த அரக்குச் சேலையைப் படித்துறைக் கல்மேல் விரித்துப் போட்டுவிட்டு வந்தேன். இன்று காலையும் பார்த்தேன். இழை பிரியவில்லை, சாயம்கூடப் போகவில்லை.

இப்படிக்கு,
குறுக்குத்துறையில் குளிக்கும் ஒருவன்