ஃபுளூ ஊசி: பெட்டியில் முதலில் எதைப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஃபுளூ தடுப்பூசிகளை ஒப்பிட்டு வெளியான கட்டுரையில், மூன்று வைரஸ் வகைகளுக்கான ஊசியைவிட நான்கு வகைகளுக்கானதே சிறந்தது என்றும், விலை கூடினாலும் அதையே கேட்டு வாங்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. தில்லியில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்த அறிவுரை சில ஆண்டுகளுக்கு முன்பு சரியாக இருந்தது. இப்போது அதற்கு அவ்வளவு பொருள் இல்லை.

நான்காவதாகச் சேர்க்கப்பட்டது, இன்ஃபுளூயன்ஸா பி வைரஸின் யமகாட்டா என்னும் கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு இக்கிளை உலகில் எங்கும் இயல்பாகப் பரவியதாக உறுதிசெய்யப்படவில்லை. எனவே இதைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய தேவை இனி இல்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது. அமெரிக்காவில் 2024–25 பருவம் முதல் எல்லா ஃபுளூ ஊசிகளும் மூவகை ஊசிகளாகிவிட்டன. நால்வகை ஊசியைப் போட்டுக்கொள்வதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால், கையில் கிடைக்கும் மூவகை ஊசியை வேண்டாமென்று சொல்லிவிட்டு அதற்காகக் கடை கடையாக அலைவது வீண்.

கட்டுரை தொடாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஊசி எந்த ஆண்டுக்கு, எந்த அரைக்கோளத்துக்குத் தயாரிக்கப்பட்டது என்பதைத்தான். வைரஸ் ஓயாமல் உருமாறுவதால், ஊசியில் வைரஸின் எந்த விகாரங்கள், அதாவது எந்தத் திரிபுகள், இடம்பெற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். வரைபடத்தில் நாம் வடக்கே இருந்தாலும், நம் காய்ச்சல் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை. பல நகரங்களில் நடந்த கண்காணிப்பு ஆய்வுகளின்படி, ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். தில்லி, லக்னோ, நாக்பூர், கொல்கத்தாவில் மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. தில்லியில் இதோடு தொல்லை முடிவதில்லை. 2015-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பன்றிக் காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 ஃபுளூ பரவியதைப் போலக் குளிர்காலத்திலும் அது தலைகாட்டும்.

கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நம்மவர் பலர், புகைமூட்டம் வந்ததும் ‘குளிருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்’ என்று நவம்பரில் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் இவ்வூரின் பெரிய அலை கடந்திருக்கும். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். பிறகு மாதங்கள் செல்லச் செல்ல அது குறைந்துகொண்டே வரும். ஆகவே தில்லிவாசிகள் மே, ஜூன் மாதங்களில் முந்தைய செப்டம்பரில் பரிந்துரைக்கப்பட்டு அப்போது கைக்குக் கிடைக்கும் அவ்வாண்டின் தென் அரைக்கோள ஊசியைப் போட்டுக்கொள்வதே பொருத்தம். அதைத் தவறவிட்டவர்களும், மார்கழிக் கச்சேரிகளுக்காகச் சென்னை சென்று தங்குபவர்களும் செப்டம்பர் வாக்கில் புதிதாக வரும் வட அரைக்கோள ஊசியைக் கேட்கலாம். காலாவதி தேதி இன்னும் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சென்ற பருவத்துச் சரக்கைக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வயது. அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகள் ‘ஹை டோஸ் இருக்கான்னு கேளுங்கப்பா’ என்று தொலைபேசியில் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சொல்வதில் நியாயம் உண்டு: வழக்கமான ஊசியில் ஒரு வகைக்கு 15 மைக்ரோகிராம் ஆன்டிஜென் (எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வைரஸ் புரதம்) என்றால், ஹை டோஸில் 60. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், சாதாரண ஊசியைக் காட்டிலும் அது ஃபுளூவை ஏறக்குறைய 24 சதவீதம் கூடுதலாகத் தடுத்தது. அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2022 ஜூனில் முதியோருக்கு இதையும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியையும், முட்டையில் வைரஸை வளர்க்காமல் மரபணு மறுசேர்க்கை முறையில் செய்த ஊசியையும் முன்னிலைப்படுத்தியது. ஆனால் இவை கிடைக்காவிட்டால் வயதுக்கு ஏற்ற எந்த ஊசியையும் தள்ளிப்போடாமல் போட வேண்டும் என்றும் அதே குழு சொன்னது. பிள்ளைகள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். பெற்றோர் ஹை டோஸுக்காகக் காத்திருந்து ஒன்றுமே போடாமல் இருந்துவிடுகிறார்கள்.

மூக்கில் தெளிக்கும் மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். அது பொதுவாக இரண்டு வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கானது. கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் கூடாது. கர்ப்பிணிகள் செயலிழந்த வைரஸால் ஆன ஊசியை எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊசியே ஃபுளூவை உண்டாக்கிவிடாது, கை இரண்டொரு நாள் வலிக்கும். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதன்முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. இரண்டாவதைப் பெற்றோர் மறந்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கடையில் ஊசியை வாங்கி மருத்துவரிடம் எடுத்துச்செல்பவர்களுக்கு என் தொழில் சார்ந்த ஒரு சொல். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தில்லியின் மே மாத வெயிலில் பாலித்தீன் பையில் எடுத்துப்போவது தவறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. பனிக்கட்டியின் மேலேயே மருந்தை வைத்து எடுத்துப்போவதும் தவறுதான். ஒருமுறை உறைந்துவிட்ட ஊசியைப் பயன்படுத்தக் கூடாது. கூடுமானவரை, குளிர்பெட்டி வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

இந்த ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லாததால், பெரும்பாலோர் சொந்தப் பணத்தில்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே ஆண்டுதோறும் ஏப்ரலிலும் செப்டம்பரிலும், அந்தப் பருவத்துக்கான ஊசிப் பெட்டியில் எந்த ஆண்டும் எந்த அரைக்கோளமும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் ஒரு சிறு கட்டமாக வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி