காட்ஜில்லா மெதுவாக நடப்பது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராட்சத மிருகப் படங்கள் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையில், காட்ஜில்லா மெதுவாக நடப்பது 'ஸ்டைலுக்காக' என்றிருந்தது. ஸ்டைல் இல்லை, கணக்கு.

1954இல் வந்த முதல் படத்தில் அதன் உயரம் 50 மீட்டர். ஆள் உள்ளே புகுந்து நடித்த ரப்பர் உடை சுமார் 2 மீட்டர், அதாவது 25இல் ஒரு பங்கு. 50 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ 3.2 விநாடி ஆகும்; 2 மீட்டரிலிருந்து 0.64தான். வித்தியாசம் 5 மடங்கு, 25இன் வர்க்கமூலம். எனவே கணக்குப்படி விநாடிக்கு 120 பிரேம் (படச்சட்டம்) எடுத்து 24இல் ஓட்டினால்தான், அதாவது அசைவை ஐந்து மடங்கு மெதுவாக்கினால்தான், அட்டைக் கட்டடம் கான்கிரீட்போல் கனமாகச் சரியும். ஆனால் பிரேமுக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடும். விளக்குகளைக் கூட்டினால் உடைக்குள் இருப்பவர் வெந்துபோவார். அந்த முதல் உடையே ஏறத்தாழ 100 கிலோ!

மானத்தை வாங்குவது தண்ணீர். துளியை நம் இஷ்டத்துக்குச் சிறிதாக்க முடியாது. மாதிரிக் கப்பல்மேல் தெறிக்கும் 4 மில்லிமீட்டர் துளி, திரையில் 10 சென்டிமீட்டர் உருண்டை. தீச்சுடரும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, கட்டுரையில் காட்ஜில்லாவை 'வில்லன்' என்றிருக்க வேண்டாம். ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட ஆதிகால உயிர் அது. யார்மீதும் அதற்குப் பகை கிடையாது. டோக்கியோ வழியில் இருந்தது, மிதிபட்டது.

இப்படிக்கு,
மினியேச்சர் கலைஞர்கள் சிலர்