டேவிட் பிளாட் வெறும் வில்லனா?

ஆசிரியருக்கு,

'காரனேஷன் ஸ்ட்ரீட்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் டேவிட் பிளாட்டை வில்லன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 2008 இல் பெற்ற தாயையே மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டான், சரி. ஆனால் 2003 இல் கொலைகாரனான மாற்றாந்தந்தை குடும்பத்தோடு காரைக் கால்வாய்க்குள் ஓட்டினானே, அந்தக் காருக்குள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்த பையனும் இவன்தானே!

ஜாக் பி. ஷெப்பர்ட் 12 வயதில் இந்த வேடத்துக்கு வந்தவர். உதட்டோரம் நக்கல் சிரிப்பு, கண்ணில் பயம். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவார். அதற்குக் கிடைத்தது 2008 இன் 'சிறந்த வில்லன்' விருது.

என் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி இன்றும் அவரைத் திரையில் கண்டால் திட்டுவார். அப்புறம் அடுத்த எபிசோடுக்கு முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார்.

– வாசகி, மான்செஸ்டர்