பம்ப்செட் பக்கத்து ரஸ்தாளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீ போன் எடுக்காததற்காக இதை எழுதவில்லை, வேலை இருக்கும். இது உன் படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

பம்ப்செட் பக்கத்து ரஸ்தாளி வாழையில் வாடல் நோய் வந்துவிட்டது. அடி இலையெல்லாம் ஓரத்தில் மஞ்சள் பிடித்து, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்குகிறது, குருத்து மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி பச்சையாக நிற்கிறது. ஒன்றைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன், உள்ளே செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாய் ஓடியிருக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பூவன் ஒரு இலை வாடவில்லை. அதே மண், அதே வாய்க்கால் தண்ணீர்.

போன பொங்கலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஃபுசேரியம் பூஞ்சாணம் எல்லா வேரிலும்தான் நுழையப் பார்க்கும், தாங்குகிற ரகம் உடனே சுதாரித்து, தண்ணீர் ஏறுகிற குழாய்க்குள் பக்கத்துச் செல்லை உப்பவிட்டு, பிசினையும் சேர்த்து வழியை அடைத்துவிடும், தாங்காத ரகமும் அதைச் செய்யும்தான், ஆனால் பிந்திச் செய்யும், அதற்குள் பூஞ்சாணத்தின் வித்து தண்ணீரோடு மேலே ஏறியிருக்கும் என்றாய். வேர் நுனி உயிரோடு செல்களை உதிர்க்குமாம், அதன் டிஎன்ஏ கலந்த பசையில் கிருமி சிக்கிக்கொள்ளுமாம், பட்டாணி வேரில் அந்த டிஎன்ஏவைக் கரைத்துவிட்டுப் பார்த்தால் நோய் சுலபமாகப் பிடித்ததாம். ஊரில் நான் இதைச் சொல்லாத ஆள் இல்லை. உரக்கடைக்காரர்கூட உன்னை விசாரிக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்கிறாள் அம்மா, எனக்கு அப்படித் தெரியவில்லை. சித்தி மகள் கல்யாணம் நல்லபடி முடிந்தது, உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். ராத்திரி கண் விழிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தப் பூஞ்சாணம் 20 வருஷத்துக்கு மேல் மண்ணிலேயே கிடக்கும் என்கிறார்கள். அப்படியானால் இனி அங்கே ரஸ்தாளி கிடையாது. பூவன் வைக்கவா, ஒரு போகம் நெல் போடவா? தோண்டிய குழிக்குச் சுண்ணாம்பு எவ்வளவு? திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்டால் சொல்வார்கள்தான், வீட்டில் ஒருத்தியை வைத்துக்கொண்டு அங்கே போவானேன்?

வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு வாங்கப் போகிறேன், அதற்குள் சொல்லு. எழுத நேரமில்லை என்றால் போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

அப்பா