வைரக் கம்பெனி அறிவிப்பைப் பற்றி

கோத்தகிரி,
ஐப்பசி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் உள்ளே வைத்திருந்த தாளும் வந்து சேர்ந்தன. இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மத்தியானமே மேகம் இறங்கிவிடுகிறது. பச்சை இலை விலை பழைய கதைதான். காட்டெருமைகள் இப்போது விடுதிப் புல்தரைகளில் கூச்சமில்லாமல் மேய்கின்றன. தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். டொராண்டோவிலிருந்து மாப்பிள்ளை அனுப்பிய அந்த வைரக் கம்பெனி அறிவிப்பை வைத்துப் பங்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அதில் பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. கேட்க வேண்டிய எண்களை விட்டுவிட்டு மற்ற எண்களை அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"180 கிலோ மாதிரியில் 248 வைரங்கள்" என்பது தலைப்பு. எண்ணிக்கை இருக்கிறது, எடை எங்கே? இந்தச் சோதனைக்குத் துளையிட்டு எடுத்த பாறையை எட்டு கிலோ வாக்கில் பிரித்து, காஸ்டிக் சோடாவோடு சூளையில் சுமார் 550 டிகிரியில் ஒன்றரை நாளுக்கு மேல் வைப்பார்கள். பாறை கரைந்துவிடும், வைரம் நிற்கும். மிச்சத்தை 0.1 மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, நுண்ணோக்கி வைத்துப் பொறுக்குவார்கள். அந்தச் சல்லடையில் நிற்கிற அளவுக் கல் ஒரு காரட் எடை, அதாவது 0.2 கிராம் சேர, ஐம்பதாயிரம் கல் வேண்டும். 248 கல்லில் மோதிரத்துக்கு ஒரு பொட்டுகூடத் தேறாது.

சோதனையைக் குறை சொல்லவில்லை. எந்தச் சல்லடையில் எத்தனை கல் நின்றது என்று வரிசைப்படுத்தினால், பெரிய கல்லை நோக்கிப் போகப் போக எண்ணிக்கை மெதுவாகக் குறைகிறதா, சட்டென்று விழுகிறதா என்று தெரியும். அதற்குத்தான் இந்தச் சோதனையே. அந்த அட்டவணையை விட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் போட்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னொன்று: துளைக்கருவியின் முனையிலேயே செயற்கை வைரம் பதித்திருப்பார்கள். அது உதிர்ந்து மாதிரியில் கலக்கும். பார்வைக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிக்கல். நல்ல ஆய்வகம் அதைப் பிரித்து, இத்தனை செயற்கைக் கல் நீக்கப்பட்டது என்று எழுதும். இதில் அந்த வரியும் இல்லை.

"118 மீட்டர் நீளத்துக்குக் கிம்பர்லைட்" என்கிறார்கள். வைரம் தாங்கி வரக்கூடிய எரிமலைப் பாறை அது. நேர்குத்தாக நிற்கும் இரண்டு மீட்டர் கனப் பாறைச்சுவர் ஒன்றுக்குள் அதன் போக்கிலேயே துளை இறங்கினாலும் 118 மீட்டர் கிடைக்கும். துளையின் சாய்வும் பாறையின் உண்மைக் கனமும் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வைரத்துக்கு அடையாளமாகக் கார்னெட் என்ற கனிமம் கிடைத்ததாம். கார்னெட் நம் நீலகிரிக் கருங்கல்லிலேயே சிவப்புப் புள்ளியாகத் தெரியும். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் கொட்டிக் கிடக்கிறது. வைரத்தோடு சேர்ந்து வருவது குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்த பைரோப் வகை, தொழிலில் ஜி10 என்பார்கள். ரசாயனப் பகுப்பாய்வு போடாமல் 'கார்னெட்' என்று மட்டும் எழுதுவது வாசகனை ஏய்ப்பது.

"எகாட்டி சுரங்கத்துக்குப் பக்கத்தில்" என்ற வரியை மாப்பிள்ளை அடிக்கோடு போட்டிருக்கிறார். எகாட்டி கனடாவின் வடக்கே உள்ள பெரிய வைரச் சுரங்கம். அவர்கள் 1991-ல் கண்டுபிடித்து 1998-ல் சுரங்கம் திறந்தார்கள். அவர்களுடைய சொந்த உரிமப் பரப்பிலேயே 150 கிம்பர்லைட் வரை இருக்க, வெட்டியது பத்தை ஒட்டித்தான். வீட்டுக்குள்ளேயே அந்தக் கணக்கு என்றால் அக்கம்பக்கத்தில் என்ன எதிர்பார்ப்பது? அதே வட்டாரத்தில் 1994-ல் ட்லி குவி சோ என்ற இடத்துப் பெருமாதிரி முடிவு வந்த அன்று, அதுவரை ஏறியிருந்த பங்குகள் சரிந்து விழுந்தன.

பெருமாதிரி என்றால் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் டன். அதை உடைத்து, ஃபெர்ரோசிலிகான் பொடி கலந்த கனமான திரவத்தில் ஓட்டி, மூழ்குவதை எக்ஸ்ரே இயந்திரத்திலும் கிரீஸ் பலகையிலும் பிரிப்பார்கள். இங்கேதான் நீ கேட்க வேண்டிய மூன்று எண்கள் பிறக்கின்றன: எத்தனை டன் ஓட்டினார்கள், எந்தச் சல்லடைக்கு மேல் எத்தனை காரட் தேறியது, எத்தனை காரட் பொட்டலத்தை மதிப்பிட்டு என்ன விலை சொன்னார்கள். பத்து டன்னில் எட்டு காரட் என்று வை, டன்னுக்கு 0.8, பிரமாதம். ஆனால் அதில் ஐந்து காரட் ஒரே கல் என்றால்? அதை எடுத்துவிட்டால் டன்னுக்கு 0.3. பத்து டன்னை வைத்து அந்தக் கல் மறுபடி வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. சல்லடையை 1 மில்லிமீட்டரிலிருந்து கீழே இறக்கினால் காரட் கூடும். ஆனால் கூடுவது விலை போகாத பொடி. விலைக்கும் இதே கதி: நம்பும்படி மதிப்பிட ஆயிரக்கணக்கில் காரட் வேண்டும். ஐம்பது காரட்டை வைத்து விலை சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான்.

இத்தனையும் தாண்டினவர்களும் விழுந்திருக்கிறார்கள். கனடாவின் ஜெரிக்கோ வைரச் சுரங்கம் 2006-ல் திறந்து 2008-ல் நின்றது. கியூபெக்கில் ரெனார் என்ற சுரங்கம் 2017-ல் உற்பத்திக்கு வந்தது. ஆலையில் கல் உடைந்தது, விலையும் கணக்குப் போட்டபடி வரவில்லை, 2019-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், 2023-ல் மூடினார்கள். போதாததற்கு இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேறு சந்தையை அரிக்கிறது.

கம்பெனியின் காலாண்டுக் கணக்கில் துளை போட்ட செலவையும், சம்பளம், விளம்பரச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டாவது பெரிதாக இருந்தால் அவர்களுடைய தொழிலே பங்கு விற்பதுதான். பத்துப் பங்கை ஒன்றாக்கியிருக்கிறார்களா, பெயர் மாற்றியிருக்கிறார்களா, நிலுவையில் எத்தனை வாரண்ட் (பின்னால் குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமை) என்பதும் அதிலேயே இருக்கும்.

இதெல்லாம் கனடாவோடு போகிற சங்கதி என்று நினைக்காதே. நம் தேவாலா, பந்தலூரில் 1880 வாக்கில் தங்கம் என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் திறந்து பங்கு விற்றார்கள். அரசாங்கம் அழைத்துவந்த சுரங்க நிபுணர் பிரவ் ஸ்மித்தின் அறிக்கை கையில் இருந்தது. பாறையில் தங்கமும் இருந்தது, ஆனால் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. நொடிந்துபோன காப்பித் தோட்டங்களைத் தங்க நிலம் என்று விற்றவர்களுக்குத்தான் காசு. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

பிரி-எக்ஸ் தங்க மோசடி 1997-ல் வெடித்த பிறகு, கனடாவில் 43-101 என்ற விதி 2001-ல் வந்தது. அதன்படி தகுதியுள்ள நிபுணர் கையெழுத்திட்ட தொழில்நுட்ப அறிக்கை, கம்பெனிகள் ஆவணம் தாக்கல் செய்யும் சீடார் பிளஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாப்பிள்ளையை அதை இறக்கி அனுப்பச் சொல். மாதிரி எடுத்த விதம், சோதனை, கனிம வள மதிப்பீடு ஆகிய பகுதிகள் போதும். முன்னுரையும் படங்களும் வேண்டாம். வள மதிப்பீட்டுப் பகுதி காலியாக இருந்தால் அனுப்பும் சிரமமும் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்