பெரியம்மா, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை

அன்புள்ள பெரியம்மா,

லேப்டாப்பை என் கையில் கொடுத்தபோதே "நான்தான் எதையோ அழுத்தித் தொலைச்சுட்டேன் போலிருக்கு" என்றீர்கள். அடுத்த இரண்டு நாளில் அதையே நாலைந்து தடவை சொன்னீர்கள். நான் குனிந்து திருகு கழற்றிக்கொண்டிருந்ததில் "உம்" கொட்டியதோடு சரி. ஊர் திரும்பிய பிறகும் அது உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கெட்டுப்போனது ஹார்ட் டிஸ்க், உங்கள் கோப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் பாகம். அதற்குள் ஒரு வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அந்தத் தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கும். எட்டு வருஷம் ஓடிய டிஸ்க் ஓய்ந்துபோவதில் அதிசயம் எதுவும் இல்லை. கீபோர்டில் எதை அழுத்தியிருந்தாலும் அந்தத் தட்டு பழுதாகியிருக்காது.

மூன்று மாதமாக "ரொம்ப மெதுவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அப்போதே ஆரம்பித்துவிட்டது. ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் லேசில் விடாது, திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். ஒரு படத்தைத் திறந்துவிட்டு நீங்கள் காத்திருந்த நேரமெல்லாம் அது அங்கே முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். நீங்கள் சொன்ன அன்றே நான் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இன்னொரு தவறும் என்னுடையதுதான். பவர் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரையில் கம்பெனி பெயரும் வந்தது. ஆக சார்ஜர், திரை, போர்டு மூன்றும் பிழைத்திருந்தன. அதற்கப்புறம் அந்தப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. விண்டோஸ்தான் குழம்பியிருக்கிறது என்று முடிவுகட்டி, அதன் பழுதுபார்க்கும் சோதனையை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் காதை வைத்துக் கேட்டபோதுதான் இடது பக்கம் 'டிக்... டிக்...' என்று சத்தம். உடனே அணைத்தேன். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதுமாகச் சோதிக்கச் சொல்வது, மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான்.

அதன் பிறகு அவசரப்படவில்லை. பென் டிரைவில் விண்டோஸ் மாதிரி இன்னோர் இயங்குதளமான உபுண்டுவைப் போட்டு, டிஸ்க்கின் துணையில்லாமலே லேப்டாப்பை எழுப்பினேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தால், படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள் 300-க்கு மேல். 1 டிபி வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓடவிட்டேன். பெரியம்மா, இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நன்றாக இருப்பதையெல்லாம் முதலில் அள்ளிவிடுகிறது. எங்கெங்கே விட்டோம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அந்த இடங்களுக்குத் திரும்புகிறது. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீங்கள் தூங்கப் போன பிறகு ஆரம்பித்தது, 500 ஜிபி முடிய மறுநாள் காலை ஆகிவிட்டது. உங்கள் குறிப்புகள், ஐந்து வருஷம் உட்கார்ந்து தட்டச்சு செய்தீர்களே, அத்தனையும் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் உங்களை எழுப்பினேன்.

மற்றது சுலபமான வேலை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகை அதனதன் இடத்திலேயே வைத்தேன். நீளம் வேறுவேறு என்பதால் மாற்றிப் போட்டால் நீளத் திருகு மேல் பக்கத்தைப் பிளந்துவிடும். இரண்டு திருகுகள் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே, சிப்பில் சேமிக்கும் புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி உட்கார்ந்துவிட்டது. இதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் இதுவும் ஒருநாள் போகும், அதனால் மேஜையில் வைத்துவிட்டு வந்த வெளி டிஸ்க்கில் மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, 11-ஐ உங்கள் ப்ராசஸர் ஏற்காது. அதனால் நீங்கள் சம்மதித்தபடி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். தமிழ்99 விசைப்பலகை அப்படியே இருக்கிறது, உங்கள் விரல்கள் எதையும் புதிதாகப் பழக வேண்டாம். தாராளமாக எதை வேண்டுமானாலும் அழுத்திப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட வேண்டாம், யார் கேட்டாலும் மாட்டிப் பார்க்கவும் விட வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. மூன்று படங்கள் முழுதாக வரவில்லை. மேல் பாதியில் முகங்கள் தெரிகின்றன, கீழே வெறும் சாம்பல் நிறம். 'பாதி' என்ற பெயரில் தனியாக வைத்திருக்கிறேன். அந்தப் படங்களை அப்போது யாருக்காவது அனுப்பியிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெயரைச் சொன்னால் போதும், நான் கேட்டு வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகன்